கடைமடையிலிருந்து மலைக்கு

கடைமடையில் குடியிருப்பவர்களுக்கென்று ஒரு சுபாவம் உண்டு. மேல்மடைக்காரர் மழையைப் பற்றிப் பேசும்போது அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். கடைமடைக்காரரோ கழுத்தை மேற்கே திருப்புவார். மலையில் என்ன பெய்தது, அணையில் எத்தனை அடி நிற்கிறது, இடையில் உள்ளவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பதே அவருடைய விசாரம். தாமிரபரணியின் குறுக்கே கட்டப்பட்ட எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. மற்ற ஏழும் பழங்காலத்து அரசர்கள் கட்டியவை. இது ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. அதற்கும் கீழே, ஆற்றின் தென்கரையில் இருக்கிறது எங்கள் ஆழ்வார்திருநகரி. வைணவப் பெருமக்களுக்கு அது நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூர். எங்களுக்கு அது வாழைத்தோட்டமும் வாய்க்காலும் ஐவேளை பாங்கோசையும் கலந்த சொந்த ஊர்.

ஆயுள் முழுவதும் மேற்கே பார்த்தோமே ஒழிய, மேற்கே போய்ப் பார்த்தவர்கள் அல்லர் நாங்கள். திருநெல்வேலி வரை வியாபாரத்துக்குப் போவோம். சீசன் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போயிருக்கிறோம். ஆனால் குற்றாலத்தில் விழுவது சிற்றாறு. அது சீவலப்பேரிக்கு அருகே வந்துதான் பெரிய ஆற்றோடு கூடுகிறது. நாம் குடித்து, ஒளுச் செய்து, துணி துவைத்து, வாழைக்குப் பாய்ச்சி வளர்ந்த அந்த ஆறு எந்தக் காட்டிலிருந்து இறங்கி வருகிறது என்று எங்கள் வீட்டில் எவரும் கண்ணால் கண்டதில்லை. 2025 பிப்ரவரியில், ஷஃபான் மாதத்தில், நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது நாங்கள் இருவரும் பழைய மாருதி வண்டியில் புறப்பட்டோம். இன்பச் சுற்றுலா என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் வீட்டை விற்பதா வேண்டாமா என்ற வழக்கு ஒன்று எங்களுக்குள் நடந்துகொண்டிருந்தது.

வழக்கின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுவது முறை.

துணைவியார் காயல்பட்டினத்தில் பிறந்தவர். அவ்வூர் வழக்கம் வாசகர்களில் பலர் அறிந்ததே: அங்கே பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். பெண்ணுக்கென்று ஒரு வீட்டை வைத்துவிட்டுத்தான் தகப்பனார் மற்றதை யோசிப்பார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து 1980இல் ஒரு பெண், நோயாளியான மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக, தன் வீட்டை விட்டு இந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்தார். அதற்கு மாமனார் மரைக்காயர் சம்மதித்ததைக் காயலில் இன்றும் ஒரு கதையாகச் சொல்வார்கள். “ஒரு தடவை வீடு மாறியாச்சு” என்பது நாற்பத்தைந்து ஆண்டுகளாகத் துணைவியார் வாயில் அடிக்கடி வரும் வாசகம். சில சமயம் அது பெருமை. சில சமயம் புகார். எது எப்போது என்று நாம் இன்னும் முழுதாகக் கற்றுக்கொண்டபாடில்லை.

பிறகு 2023 டிசம்பர் வந்தது. அம்மாதம் 17ஆம் தேதி காலை தொடங்கிய மழை மறுநாளும் நிற்கவில்லை. 18ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையை விட, காயலில் அந்த ஒரு நாளில் பெய்தது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுபோய், அதிலிருந்த ஏறத்தாழ 800 பயணிகள் சுற்றிலும் நீர் சூழத் தவித்ததும், பக்கத்து ஊர் மக்கள் தங்களிடம் இருந்ததைப் பொங்கிப் போட்டதும், ஹெலிகாப்டர் வந்து உணவு போட்டதும் நாடறிந்த செய்தி.

எங்கள் வீட்டுக்குள் இரவில் தண்ணீர் வந்தது. முதலில் வாசற்படி, பிறகு கட்டில் கால், பிறகு சுவரில் நான்கரை அடி. எதிர் மாடி வீட்டு அண்ணாச்சி கயிறு வீசிக் கூப்பிட, அவர் வீட்டு மாடியில் பதினேழு பேர் இரண்டு இரவு இருந்தோம். அண்ணாச்சியின் வீட்டார் பூஜை அறையை ஒதுக்கி எங்களுக்குத் தொழ இடம் விட்டார்கள். அந்தப் பதினான்கடிச் சதுரத்தில் ஒரு தூங்காத குழந்தையும், இரண்டு ஆடும், கொடுத்து வைத்தாற்போல ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் இருந்தன. மின்சாரம் இல்லை, கைப்பேசி செத்துவிட்டது. காயலில் இருக்கும் லாத்தா உயிரோடு இருக்கிறாரா என்று துணைவியாருக்குத் தெரிய மூன்று நாள் ஆயிற்று. லாத்தா பிழைத்திருந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மூன்று நாள் துணைவியாரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு பதினான்கு மாதம் அவர் ஆற்றங்கரைப் பக்கம் போகவில்லை.

மகன் சென்னையில் இருக்கிறான். அம்மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. ‘ஊருக்கு வந்துவிடு வாப்பா’ என்று நாங்கள் அவனை அழைத்து இரண்டு வாரம் ஆகவில்லை; ‘இங்கே வந்துவிடுங்கள்’ என்று அவன் எங்களை அழைத்தான். இதில் சிரிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது: அவனுக்கு இருப்பது நான்காவது மாடி. வீட்டுக்கு விலை பேச ஆளும் வந்தார். நமக்கு விற்க மனமில்லை. துணைவியாருக்கோ இருக்க மனமில்லை. ஓராண்டு இப்படிக் கழிந்த பிறகு, ஒரு நாள் இரவு சாப்பிட்ட சஹனைக் கழுவிக்கொண்டே அவர்தான் சொன்னார்: “விக்கிறதுன்னா வித்துடுவோம். ஆனா எங்கேயிருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை பார்த்துட்டு விப்போம்.”

அப்படிப் பிறந்தது இந்தப் பயணம்.

சுப்ஹுத் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். திருச்செந்தூர் – திருநெல்வேலிச் சாலை ஏறத்தாழ ஆற்றின் கையைப் பிடித்துக்கொண்டே போகிறது. புதுக்குடி தாண்டியதும் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்ட ஆரம்பித்து, பின்னர் அலெக்சாண்டர் ரீ பல ஆண்டுகள் தோண்டி, முதுமக்கள் தாழிகளைக் கண்டெடுத்த மேடு அது. எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறோம். இம்முறை துணைவியார் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “இவங்க இறந்தவங்களை மேட்டில வச்சிருக்காங்க. நாம உயிரோட இருக்கிறவங்களைப் பள்ளத்தில வச்சிருக்கோம்” என்றார். உழவுக்கு உதவாத சரளைமேடு என்பதால் இடுகாடாக்கியிருக்கலாம் என்று நாம் விளக்கம் சொல்லப் பார்த்தோம். விளக்கம் எடுபடவில்லை.

எங்கள் கரையின் சரித்திரமே ஆறு ஊர்களை இடம்பெயர்த்த சரித்திரம்தான். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வயல் நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப் போனது. துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து அரபுக் குதிரைகள் இறங்கக் கண்ட காயல் அதுவே என்பார்கள். பின்னர் அதுவும் மணலேறியது. இப்போது ஆறு புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. இதையெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே நாம் எடுத்துரைத்தபோது, “அப்போ நாம மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கணும்?” என்று எதிர்க்கட்சி கேட்டது. நம் வாதம் நமக்கே எதிராகத் திரும்பியதைக் கண்டு சாலையில் கவனம் செலுத்தலானோம்.

பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் கடந்து, முன்னீர்பள்ளம் வழியாகப் பத்தமடை சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பத்தமடையில் நிற்க வேண்டும் என்பது துணைவியாரின் நிபந்தனை. எங்கள் நிக்காஹின்போது வந்த சீர்வரிசையில் ஒரு பத்தமடைப் பாய் இருந்தது. ஓரத்தில் எங்கள் இருவர் பெயரும் திருமணத் தேதியும் நெய்யப்பட்ட பட்டுப்பாய். பட்டுத்துணிபோல மடித்து வைக்கலாம். வெள்ளம் வடிந்தபோது அது கருத்து, நாறி, கையில் எடுத்தால் இற்றுவிழும் நிலையில் இருந்தது. வீட்டில் போனவை எத்தனையோ. குளிர்பதனப் பெட்டிக்கோ நெல் மூட்டைக்கோ அழாதவர் அந்தப் பாய்க்கு அழுதார்.

இந்தப் பாய் நெசவு பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்களின் கைத்தொழில் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் நெய்கிறவர் கைக்கு எவ்வளவு கூடுதலாக வந்தது என்று கேட்டால் அவர்கள் சிரிக்கிறார்கள். நாங்கள் போன வீட்டில் ஒரு பெரியம்மா தரையோடு தரையாக இருந்த தறியின் முன் உட்கார்ந்து, ஊசிபோல ஒரு கழியில் கோரையைக் கோத்து, நூற்பாவின் ஊடே செலுத்தி, பலகையால் அழுத்திக்கொண்டிருந்தார். கோரை ஆற்றங்கரையில் விளைவது. பச்சையாக வெட்டி, கீறி, காயவைத்து, ஓடும் நீரில் சில நாள் ஊறவைத்து, மறுபடி காயவைத்த பிறகே அது மெல்லிய இழையாகப் பிளக்கப்படும். மெல்லிய பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். துணைவியார் தம் பாயின் கதையைச் சொன்னார். பெரியம்மா கை வேலையை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, “ஆத்துலயே ஊறின கோரைம்மா அது. ஓடுற தண்ணி அதுக்கு ஒண்ணும் செய்யாது. நின்ன தண்ணிதான் ஆகாது” என்றார். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. துணைவியார் வெகுநேரம் அந்தத் தறியருகே உட்கார்ந்திருந்தார். பாய்க்குச் சொல்லிவிட்டுத்தான் வருவார் என்று பணத்தை எடுத்து வைத்திருந்தோம், சொல்லவில்லை.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. நெல் வயலும் தென்னையும் வாய்க்காலும், எதிரே மேலும் மேலும் உயர்ந்துகொண்டே வரும் நீல மலையும். கடைமடையில் எங்களுக்குத் தவணை முறையில் கிடைக்கும் தண்ணீர் இங்கே வீட்டுக் கொல்லையில் சும்மா ஓடுகிறது. பொறாமை கூடாது என்று மார்க்கம் சொல்கிறது. இருந்தாலும் கண் பார்க்கத்தானே செய்கிறது!

மாலையில் மணிமுத்தாறு அணைக்குப் போனோம். காமராஜர் ஆட்சியில், 1958இல் முடிந்தது. முழுக் கொள்ளளவு 118 அடி. வடகிழக்குப் பருவமழை முடிந்த காலம் ஆதலால் தண்ணீர் மலையடிவாரம் வரை விரிந்து, அஸர் நேரத்து வெயிலில் அசையாமல் கிடந்தது. அதன் பின்னால் ஏறுகிறது மாஞ்சோலை மலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு 8,374 ஏக்கர் காடு பம்பாய் பர்மா கம்பெனிக்குப் போய்த் தேயிலைத் தோட்டம் ஆன கதையும், கூலி உயர்வு கேட்டு வந்த அத்தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று போலீசார் தடியடி நடத்த, திருநெல்வேலியில் இதே ஆற்றில் பதினேழு பேர் மாண்ட கதையும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காதவை. அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அன்று ஆற்றில் வெள்ளம் இல்லை.

அணைக்கு வெளியே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மா மாஞ்சோலைக்கும் மேலே நாலுமுக்கில் பிறந்தவராம். 2024இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை முடித்துக்கொண்டபோது கீழே இறங்கி வந்தவர்களில் ஒருவர். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி தடித்துப் போயிருந்தது. துணைவியார் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “கீழே பழகிருச்சா?”

“சோறு பழகிருச்சும்மா. தூக்கம்தான் வரமாட்டேங்குது. குளிர் இல்லைல்ல” என்றார் அந்த அம்மா.

அம்பாசமுத்திரத்தில் தங்கினோம். அன்றிரவு துணைவியாரும் தூங்கவில்லை என்பது நமக்குத் தெரியும், நாமும் தூங்காததால்.

மறுநாள் விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம். 1885இல் ஹார்வி சகோதரர்கள் இங்கே அருவியின் விசையைக் கொண்டே நூற்பாலையை ஓட்டினார்கள் என்பது படித்துத் தெரிந்துகொண்ட செய்தி. மலையடியில் வனத்துறைச் சோதனைச் சாவடி. பிளாஸ்டிக் பை இருக்கிறதா, புட்டி இருக்கிறதா என்று வண்டியைச் சோதித்து, சீட்டு எழுதி, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எலுமிச்சைச் சோறு கட்டியிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த காவலர் மெச்சிக்கொண்டார். களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988இல் அறிவிக்கப்பட்டது. புலி எங்கள் கண்ணில் படவில்லை. பட வேண்டும் என்ற ஆசையும் எங்களுக்கு இல்லை. மிளா ஒன்று சாலையைக் கடந்து நின்று பார்த்தது. மரத்தின் உச்சியில் கருமந்திகள் வால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

காட்டுக்குள் போகப் போக நமக்கு ஒன்று விளங்கிற்று. கீழே நாம் ஆறு என்று அழைப்பது ஓர் அகலமான மணற்பரப்பு. அதில் ஏதோ ஒரு கரையை ஒட்டி ஓடும் நீர். இங்கே மணலே இல்லை. பாறை, பாறையிடுக்கில் பச்சைக் கண்ணாடி போன்ற நீர், அதன் இரைச்சல். ஒரே ஆறு என்று நம்பச் சிறிது நேரம் பிடித்தது. இம்மலையின் ஆதிக் குடிகள் காணிக்காரர்கள். காரையாறு, சேர்வலாறு பகுதிகளில் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. தேன், கிழங்கு, மிளகு என்று அவர்கள் வாழ்க்கை காட்டோடு பின்னியது. ஆற்றின் தலைமாட்டில் அவர்கள், கால்மாட்டில் நாங்கள். நடுவில் உள்ளவர்களுக்கு இரு சாராரையும் தெரியாது.

காரையாறு அணை என்று மக்கள் அழைக்கும் பாபநாசம் மேல் அணை 1940களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. 1944 முதல் இங்கே மின்சாரமும் எடுக்கிறார்கள். உயரம் 143 அடி. பக்கத்துச் சேர்வலாறு அணை 1986இல் வந்தது, 156 அடி; இரண்டையும் மலைக்குள்ளே ஒரு சுரங்கப்பாதை இணைக்கிறது. அணையின் பின்னால் நீர் நாலாபுறமும் மலை மடிப்புகளுக்குள் நுழைந்து மறைகிறது. கரைகளில் காடு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பொதிகையின் உச்சி மேகத்துக்குள் இருந்தது. அழகு என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். துணைவியார் அதைப் பார்த்த பார்வையில் அழகை ரசித்த அடையாளம் இல்லை. தம் வீட்டுக் கதவை உடைத்தவனைக் காவல் நிலையத்தில் காட்டச் சொன்னால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

அங்கே ஒரு முதியவரைச் சந்தித்தோம். பாசனத்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனைக் கூட்டிக்கொண்டு அணை பார்க்க வந்திருந்தார். ஊர் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “ஆழ்வார்திருநகரியா? அந்த வருஷம் ரொம்பப் பட்டிருப்பீங்களே” என்றார். துணைவியார் நேராகவே கேட்டுவிட்டார்: “அன்னைக்கு ராத்திரி இதைத்தானே எங்க மேல திறந்து விட்டாங்க?”

பெரியவர் கோபிக்கவில்லை. கைத்தடியால் தரையில் ஒரு கோடு போட்டார். இது மலை, இது அணை, இது திருநெல்வேலி, இது ஸ்ரீவைகுண்டம். அணைகளும் நிரம்பித் திறக்கத்தான் செய்தன, அதை மறுக்கவில்லை என்றார். ஆனால் வழக்கமாக மேலே கொட்டும் மழை அன்று கீழேயும் கொட்டியது. மாஞ்சோலையில் 55 சென்டிமீட்டர் என்றால் ஸ்ரீவைகுண்டத்தில் 62. அணைக்கும் கடலுக்கும் இடையில் உள்ள அத்தனை ஓடையும் காட்டாறும் ஒரே இரவில் ஆற்றுக்குள் வந்து விழுந்தன. போதாததற்குக் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. “மலையில பெய்ற மழைக்கு அணை கொஞ்சம் மறிச்சு நிக்கும்மா. உங்க வீட்டு முத்தத்தில பெய்ற மழைக்கு அது என்ன செய்யும்? 1992 நவம்பர்ல வந்த வெள்ளம் மலையிலேர்ந்து வந்தது. அதை அணை மேல குத்தம் சொல்லலாம். இது அப்படியில்லை” என்றார். பிறகு தம் ஆதங்கத்தையும் சொன்னார். குளத்துக்குத் தண்ணீர் வரும் கால் எல்லாம் தூர்ந்துவிட்டது, உபரி போகும் ஓடையில் கட்டடம் எழுந்துவிட்டது, கரையைப் பார்க்க ஆள் போடுவதில்லை. “நாங்க இருந்தப்ப மழை ராத்திரியில லாந்தர் எடுத்துக்கிட்டுக் கரையிலதான் நடப்போம்.”

நியாயமான கணக்கு. ஆனால் கணக்கு துயரத்தைத் தீர்ப்பதில்லை. திரும்பும் வழியில் துணைவியார் வெகுநேரம் பேசாமல் வந்தார். பதினான்கு மாதமாக ஒரு குற்றவாளியை மேற்கே வைத்திருந்தார். அவன் அங்கே இல்லை என்று தெரிந்தபோது மனிதருக்கு உண்டாவது நிம்மதியா ஏமாற்றமா என்று நம்மால் தீர்மானிக்க முடியவில்லை. அணைக்குக் கீழே ஆறு சமமாக ஓடும் ஓரிடத்தில் லுஹருக்காக வண்டியை நிறுத்தினோம். நாம் ஒளுச் செய்து கரையேறிய பின்னும் அவர் பாறைமேல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெல்ல இறங்கி, உட்கார்ந்து, ஆற்று நீரைக் கையில் எடுத்தார். மூன்று தடவை கை, மூன்று தடவை வாய். வழக்கத்தை விட மெதுவாக. பிரயாணிகளுக்குச் சலுகையாகச் சுருக்கித் தொழுதோம். அந்த நேரத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு பயணம் இலகுவாயிற்று. ஆழ்வார்குறிச்சி தாண்டிப் பொட்டல்புதூரில் இறங்கினோம். கௌதுல் அஃலம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பெயரால் அங்கே தர்கா இருக்கிறது. அடக்கத்தலம் அல்ல, நினைவிடம். சகோதர சமயத்தவரும் வந்து போகும் இடம். கல்தூணும் முன்மண்டபமுமாக அதன் கட்டுமானம் இந்த மண்ணின் கோயில் கட்டிய கைகளையே நினைவூட்டும். தர்கா பற்றிய வாதப் பிரதிவாதங்களை இங்கே கிளப்ப நமக்கு விருப்பம் இல்லை. நிழலில் சற்று உட்கார்ந்தோம். பாரதியாரின் துணைவியார் செல்லம்மாளின் ஊரான கடையத்தைக் கடந்து தென்காசி. குற்றாலத்தில் அந்த மாதத்தில் அருவி நூலாக வழிந்தது. சீசன் இல்லாத குற்றாலத்தில் குரங்குகளும் சிப்ஸ் கடைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைந்தோம். 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்த ஊர். கணவாயில் சில வளைவுகளுக்குள் தேசமே மாறிவிடுகிறது: காற்று ஈரமாகிறது, மரம் நெருங்குகிறது, கடைப் பலகை மலையாளம் பேசுகிறது. 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய அந்தப் பாதையின் பதிமூன்று கண் பாலம் கழுதுருட்டியில் சாலையை ஒட்டி நிற்கிறது. கல்லடையாற்றை மறித்துத் தென்மலையில் ஓர் அணை. அதன் நீர்ப்பரப்பைச் சுற்றியுள்ள காட்டுக்குச் செந்துருணி என்று பெயர். செங்குறிஞ்சி மரத்தால் வந்த பெயராம். இந்த ஆறு நம்மைப் பார்க்காமல் மேற்கே ஓடிக் கொல்லத்தருகே அஷ்டமுடிக் காயலில் கலக்கிறது. மார்க்கோ போலோ தம் குறிப்பில் காயலையும் கொல்லத்தையும் அடுத்தடுத்துச் சொல்லியிருக்கிறார். ஒரே மலையின் இரண்டு சரிவுகள். இரண்டிலும் அரபுக் கப்பல்கள்.

மலை ஏரிகளைப் பார்க்கப் புறப்பட்ட நாங்கள் பார்த்தவற்றில் ஒன்றுகூட மலை தானாக உண்டாக்கியது இல்லை என்பது தென்மலையில்தான் உறைத்தது. மணிமுத்தாறு, காரையாறு, தென்மலை எல்லாமே மனிதன் கட்டிய பத்தாயங்கள். நெல் பத்தாயத்தில் எலி புகுவதும் உண்டு, நெல் வழிவதும் உண்டு. இதைச் சொன்னபோது துணைவியார் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நீர்ப்பரப்பைப் பார்த்த ஒரு கல் இருக்கையில் அமர்ந்து, மீதமிருந்த முறுக்கைத் தின்றுகொண்டே மகனைக் கைப்பேசியில் அழைத்தார்.

“வாப்பாவும் நானும் நல்லாயிருக்கோம். மழையில்ல... ஏரி... ஆமா, பெருசு. விலை பேச வந்தவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு.” அந்தப் பக்கம் நீண்ட பேச்சு. “நாலாவது மாடியில தண்ணி வராது, சரி. லிப்ட் நின்னா இறங்கவும் முடியாதே. அந்த வருஷம் நீ இறங்குனியா? ... ஒரு தடவை வீடு மாறியாச்சு, போதும்.”

அந்த வாசகத்தில் அன்று பெருமை இருந்ததா புகார் இருந்ததா என்று வழக்கம்போல நமக்குப் பிடிபடவில்லை. பயம் போய்விட்டது என்று எண்ணிவிடலாகாது. இன்றும் டிசம்பரில் ஓட்டின் மேல் மழை விழும் சத்தம் கேட்டால் அவர் எழுந்து விளக்கைப் போடுவார். நாமும் எழுந்து உட்காருவோம்.

திரும்பும்போது பத்தமடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பெரியம்மாவிடம் ஒரு பாய்க்கு முன்பணம் கொடுத்தார். ஓரத்தில் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டதற்கு, பழைய பெயர்களே போதும், தேதியும் பழையதுதான் என்றார்.

நோன்புக்கு முன்பே கொத்தனாரை வரவழைத்தோம். மின்மானிப் பெட்டியை மேலே ஏற்றி, ஏழடி உயரத்தில் நடுவீட்டின் மூன்று சுவரிலும் பரண் கட்டியாயிற்று. குர்ஆன், வீட்டுப் பத்திரம், மாத்திரை டப்பா, பாய் வந்தால் பாய் என்று ஒவ்வொன்றுக்கும் துணைவியார் இடம் குறித்துவிட்டார். மாடிக்கு ஒரு படியும் வெளிப்புறமாகப் போட்டோம். வெள்ளையடிக்கும்போது கொத்தனார் ஒரு சந்தேகம் கேட்டார்: நான்கரை அடியில் சுவரைச் சுற்றி ஓடும் அந்தப் பழுப்புக் கோடு இரண்டு பூச்சுக்கும் மறையவில்லை, மூன்றாவது பூச்சு அடிக்கவா? வேண்டாம், அது இருக்கட்டும், பரணுக்கு அளவு அதுதான் என்று சொல்லிவிட்டுத் துணைவியார் அடுப்படிக்குப் போனார்.